மேட்டூர் திறக்கும் வரை

எங்கள் ஊரில் பந்து போட்டுப் பிடிக்கும் சீசனை முடிவு செய்வது மேட்டூர் அணைதான். வழக்கப்படி ஜனவரி 28இல் அணையை மூடுவார்கள். மாசி கடைசியில் திருவையாற்றுக் காவிரியில் மணல் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். நாங்கள் இறங்கிவிடுவோம். ஜூன் 12இல் அணை திறந்து, மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது, நாங்களும் பட்டோம், கொஞ்சம் முகம் கோணி. 2024இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. குறுவை போட முடியாமல் ஆளாளுக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்தக் கோடையில்தான் நான் நாலு பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இதை டீக்கடையில் சொல்ல முடியுமா? இங்கே எழுதுகிறேன்.

ஜக்ளிங் என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. 'சர்க்கஸில் பண்ணுவாங்களே' என்று கையைச் சுற்றிக் காட்டினால் சரி என்பார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: "எதுக்கு?" ஐந்து வருஷமாக நான் இதற்கு விதவிதமாகப் பதில் சொல்லிவிட்டேன். எதுவும் எடுபடவில்லை. ஆனால் அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி வேறு: யார் இதைச் செய்ய வருகிறார்கள்? கைவேகம் உள்ளவர்கள் வருவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

முதலில் என் கதை. ஒரு வங்கிக் கிளையில் காசாளர் வேலை. 2020 ஊரடங்கில் கிளை மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டால் அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. யூடியூபில் ஒரு பையன் மூன்று பந்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் பந்து இல்லை, எலுமிச்சம்பழம் இருந்தது. ஒரு வாரத்தில் நான் அடிபட வைத்த பழங்களை அத்தை ஒரு ஜாடி ஊறுகாய் போட்டுவிட்டார். இரண்டாவது ஜாடி ஆகும்போதுதான் கூப்பிட்டு, "டேய், இதுக்கு ஒரு முடிவு கட்டு" என்று பழைய ஜாக்கெட் துணியில் மூன்று பை தைத்து, உள்ளே புளியங்கொட்டை போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றும் நூற்றுச் சொச்சம் கிராம். கையில் விழும்போது 'சளக்' என்று ஒரு சத்தம். கீழே விழுந்தால் உருளாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். கடையில் வாங்கிய பந்துகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. இருந்தாலும் கை அந்தச் சளக்கைத்தான் தேடுகிறது.

செய்முறை எளிது, கை கேட்பதுதான் கஷ்டம். இரண்டு பந்து வலது கையில், ஒன்று இடது கையில். வலது கைப் பந்து கண் உயரத்துக்கு எழும்பி இடது பக்கமாகச் சாய வேண்டும். அது உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்த நொடியில் இடது கைப் பந்து அதற்கு உள்பக்கமாகக் கிளம்ப வேண்டும். அது உச்சிக்குப் போகும்போது மூன்றாவது. பார்வை உச்சியிலேயே நிற்க வேண்டும், கையைப் பார்க்கக் கூடாது. பந்துகள் போகும் வழி படுத்துக் கிடக்கும் எட்டு மாதிரி இருக்கும். புதிதாக வரும் எல்லோரும் ஒரே திருட்டைச் செய்வார்கள்: இரண்டாவது பந்தை மேலே போடாமல் இடது கையிலிருந்து வலது கைக்கு நைசாகத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் பந்து முன்னால் முன்னால் போகும், அதைத் துரத்திக்கொண்டு ஆளும் போவார். ஆற்றில் பழகுகிறவர்கள் இப்படியே அக்கரைக்கே போய்விடலாம். சுவரைப் பார்த்து நின்று பழகினால் இது சரியாகும்.

ஆற்றுக்கு வந்தது 2021இல். வீட்டில் கூரை தாழ்வு, மொட்டை மாடியில் விழுந்தால் தெருவுக்குப் போய்விடும். மணல்தான் சரி. புஷ்ய மண்டபப் படித்துறையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், நாணலை ஒட்டி ஓர் இடம் பிடித்தேன். தெரியாத தூரம் என்று நினைத்தது நான் மட்டும்தான். மூன்றாம் நாளே கிரிக்கெட் பையன்கள் வந்துவிட்டார்கள்.

இவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பந்து பிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. மணலில் பாய்ந்து ஒற்றைக் கையில் பிடிக்கிறவன் ஒருவன் இருந்தான், பார்க்கக் கண் கொள்ளாது. அவன் மூன்றே நாளில் விட்டுவிட்டுப் போனான். அவனுடைய கை பந்தைத் தேடிப் போய்ப் பறிக்கிறது. ஜக்ளிங்கில் கை அப்படிப் போகக்கூடாது, இருந்த இடத்தில் இருக்க வேண்டும், எறிவது சரியாக இருந்தால் பந்து தானே வந்து விழும். ஆனால் இதைக்கூடப் பழகியிருப்பான். அவனைத் துரத்தியது வேறு. பந்து விழும்போதெல்லாம் சுற்றியிருந்தவர்கள் "கேட்ச் விட்டான்டா" என்று கத்தினார்கள். கிரிக்கெட்டில் கேட்ச் விடுவது குற்றம், ஒரு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கோ ஒரு சாயங்காலத்தில் நூறு தடவை விழும். அவன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது.

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் வேலை முடிந்து ஆற்றுப் பக்கம் காற்றாட வருவார்கள். கீழே நிற்பவர் இரண்டு இரண்டு செங்கலாகத் தூக்கிப் போட, சாரத்தில் நிற்பவர் வாங்கி அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இருவர் நின்று பந்துகளை மாற்றி மாற்றி வீசும் வித்தைக்கு அதைவிடப் பெரிய பயிற்சி கிடையாது. ஒரு கொத்தனாரிடம் பந்தைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார். நாளைக்கும் வாங்க என்றேன். "நாள் முழுக்க இதைத்தாங்க தூக்கிப் போடுறோம். சாயங்காலமும் போடணுமா?" என்று சிரித்துக்கொண்டே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். டீ மாஸ்டரும் இதேதான் சொன்னார், வேறு வார்த்தையில். கைத்தொழிலில் வித்தை காட்டிச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு இது பொழுதுபோக்காகத் தெரிவதில்லை.

உறவுக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன மாப்ளே, கழைக்கூத்தாடி ஆயிட்டீங்களாமே?" நான் சிரித்து மழுப்பினேன். அவர் என்னை மட்டம் தட்டத்தான் அந்த வார்த்தையை எடுத்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் கயிற்றின்மேல் கழியோடு நடக்கிறவரைவிட நான் எந்த விதத்தில் உசத்தி? வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது, மழுப்பியிருக்கக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டனில் ராமோ சாமி என்ற பெயரில் ஒரு வித்தைக்காரர் கொடிகட்டிப் பறந்தார். பெயரைக் கேட்டாலே நம் காதுக்குத் தெரிந்துவிடும், ராமசாமிதான். கத்தி விழுங்குவார், பந்து சுற்றுவார். 1850இல் லண்டனிலேயே இறந்தார். அந்தக் காலத்து லண்டனில் இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் வெட்கப்பட்டுப் போனார். இந்த அளவுக்குச் சுத்தமாக என்னால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்று 1821இல் எழுதியும் வைத்தார். எழுத்தில் ஒரு வரி பிசகினால் யாருக்கும் தெரியாது, நாலு பந்தில் ஒன்று பிசகினால் ஊருக்கே தெரியும். நான்கு பந்து பழகியபின் எனக்கு ஹாஸ்லிட்டின் வெட்கம் நன்றாகப் புரிகிறது. ஒற்றைப்படைப் பந்துகள் கைக்குக் கை குறுக்கே போகும். நான்கு அப்படிப் போகாது. ஒவ்வொரு கையும் தனித்தனியாக இரண்டு இரண்டு பந்தைச் சுற்ற வேண்டும், அதுவும் ஒன்றுக்கொன்று தாளம் பிசகாமல். அதிலும் பித்தளை! விரல் என்னத்துக்கு ஆகும்.

சரி, வந்து தங்கியவர்களுக்கு வருகிறேன். முதலில் ஒரு கணக்கு வாத்தியார், ஓய்வு பெற்றவர். அவருக்கு மூன்று பந்து பிடிக்க எட்டு மாதம் ஆனது. அதற்கு முன்னாலேயே ஐந்து பந்து வரை அவருக்குக் கணக்கு தெரியும். உலகம் முழுக்க ஜக்ளிங்காரர்களில் கணக்குக்காரர்கள் அதிகம் என்பது அவருடைய பெருமை. தகவல் கோட்பாட்டை 1948இல் உருவாக்கிய கிளாட் ஷானன் ஒற்றைச் சக்கர சைக்கிளில் பெல் ஆய்வகத்து வராந்தாவில் போகிறவர், ஜக்ளிங்குக்கு ஒரு சூத்திரமும் எழுதியவர். அதே ஆய்வகத்தில் இருந்த ரொனால்ட் கிரஹாம் அமெரிக்கக் கணிதக் கழகத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார், சர்வதேச ஜக்ளர்கள் சங்கத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். இதை வாத்தியார் ஏதோ தன் சம்பந்தி வீட்டு விஷயம் மாதிரிச் சொல்வார்.

பந்து வீச்சை எண்ணால் எழுதும் முறை ஒன்று உண்டு. 1980களில் கலிஃபோர்னியாவிலும் கேம்பிரிட்ஜிலும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். கைகள் மாறி மாறி எறியும்போது ஒவ்வோர் எறியும் ஒரு தட்டு. போட்ட பந்து எத்தனை தட்டு கழித்து மறுபடி போடப்படுமோ அதுதான் அதன் எண். 3 என்றால் சாதாரணமாகக் குறுக்கே போவது. 4 நேரே மேலே போய் அதே கைக்கு வருவது. 1 என்றால் அடுத்த கைக்குச் சட்டென்று தருவது. 2 என்றால் கையிலேயே வைத்திருப்பது. எண்களின் சராசரிதான் பந்தின் எண்ணிக்கை. 4-4-1 மூன்று பந்து ஆட்டம், 5-3-1 அப்படித்தான்.

வாத்தியார் மணலில் விரலால் 4-3-2 என்று எழுதினார். "சராசரி மூணு. ஆடலாமா?" என்று கேட்டார். ஆடலாம் என்றேன். "ஆடிப் பாருங்க." முதல் தட்டில் போட்ட 4, இரண்டாம் தட்டில் போட்ட 3, மூன்றாம் தட்டில் வைத்திருந்த 2, மூன்றும் ஒரே தட்டில் ஒரே கைக்கு வந்து நின்றன. ஒன்று என் மூக்கில் விழுந்தது. அவர் காலால் அழித்துவிட்டு 4-2-3 என்று மாற்றி எழுதினார். அதே எண்கள்தான், தடங்கலே இல்லாமல் போகிறது. நாற்பது வருஷம் வகுப்பில் எதற்கும் கை தட்டல் வாங்காத மனுஷர், அன்றைக்கு நாங்கள் நாலு பேர் தட்டியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நாலு பேரில் ஒருவர் தவில்காரர், இருபத்தாறு வயது. முகூர்த்தமில்லாத நாளில் வருவார். வலது கை விரல்களில் கூடு மாட்டி வாசித்து, இடது கையில் பூவரசங்கழி பிடித்து, இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை கொடுத்துப் பழகியவர். மூன்று பந்து அவருக்கு ஒரு சாயங்காலம். எண்முறையை வாத்தியார் சொல்லி முடிப்பதற்குள், "இது தகதிமி தகதிமி த தானே?" என்றார். 4-4-1ஐ அப்படிச் சொல்லலாம் என்று எங்களுக்கு அதுவரை தோன்றவில்லை. அப்புறம் அவர் வாயால் சொல்லிக்கொண்டே போட, வாத்தியார் கீழே எழுதிச் சரிபார்க்க, நான் ஓடி ஓடிப் பந்து பொறுக்க, இருட்டிவிட்டது. வெளிநாட்டில் கணக்குக்காரர்கள் ஜக்ளிங்குக்கு வந்தார்கள் என்றால் டெல்டாவில் லயக்காரர்கள்தான் கூட்டமாக வந்திருக்க வேண்டும். வரவில்லை, இவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கையில் அடிபட்டால் கச்சேரி போய்விடும் என்று பயம். அதுவும் நியாயம்தான்.

ஐந்து பந்து அவருடைய கனவு. ஷானன் சூத்திரத்தை வைத்து வாத்தியார் விளக்கினார்: பந்து கூடினால் ஒன்று கையில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் பந்து ஆகாயத்தில் இருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டுவதில்தான் வம்பு. ஆகாயத்தில் இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டுமானால் நாலு மடங்கு உயரம் போட வேண்டும். உயரம் போனால் கை அரைக்கால் அங்குலம் பிசகினாலும் கீழே வரும்போது ஒரு முழம் தள்ளி வரும். தவில்காரர் கேட்டுக்கொண்டு, "துரித காலத்துல வாசிக்கிறது தேவலாம்ணே" என்றார்.

பிறகு நர்ஸ் ஒருவர். அரசு மருத்துவமனை, நைட் டூட்டி. ஸ்கூட்டியைக் கரையில் நிறுத்திவிட்டு டூட்டிக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம். யாரோடும் அதிகம் பேச மாட்டார். 2004இல் ஒரு ஆய்வு வந்ததாக வாட்ஸப்பில் அனுப்பியவர் அவர்தான். உண்மையான ஆய்வுதான், நேச்சர் இதழில் வந்தது. 24 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதம் ஜக்ளிங் பழக்கி, அசைவைக் கண்டுகொள்ளும் மூளைப் பகுதி கொஞ்சம் பருத்திருப்பதைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் பழகாமல் விட்டதும் அது மறுபடி இளைத்தது. இதைப் படித்த வாத்தியார், "அப்போ மேட்டூர் திறந்தா நம்ம மூளையும் சுருங்கிடுமா சிஸ்டர்?" என்றார். நர்ஸ் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு நாள் அவர் கை சரியாக ஓடவில்லை. போட்டதெல்லாம் விழுந்தது. பதினைந்து, இருபது தடவை குனிந்து எடுத்திருப்பார். கஷ்டமா இருந்தா உட்காருங்க என்றேன். "இல்ல சார். ட்ரிப் பாட்டில், ஊசி, பிறந்த குழந்தை, எதையுமே கீழே போடக்கூடாத வேலை சார் என்னுது. இங்க போடலாம்ல" என்றார். சொல்லிவிட்டு மறுபடி எறிந்தார். மறுபடி விழுந்தது.

நான் என் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். 2016 நவம்பர் ஞாபகம் வந்தது. 8ஆம் தேதி இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அடுத்த வாரம் ஒருவருக்கு மாற்றித் தரும் வரம்பு 4,500 ரூபாய். கதவுக்கு வெளியே தெருமுனை வரை வரிசை. ஒரு சாயங்காலம் கணக்கு முடித்தால் சரியாக 4,500 குறைகிறது. யாரோ ஒருவருக்கு இரண்டு தடவை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். நாலு முறை எண்ணிப் பார்த்தேன். மேலதிகாரி திட்டவில்லை. "போட்டுடுங்க" என்றார், அவ்வளவுதான். போட்டேன். பணம் பெரிதில்லை, ஆனால் அதற்கப்புறம் பல மாதம் தூக்கத்தில் நோட்டு எண்ணினேன்.

தவில்காரரைக் கேட்டேன், மேடையில் தப்பினால் என்ன ஆகும் என்று. "ஒரு எடுப்பு தப்பினா நாகஸ்வரக்கார அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க. ஒரு வாரத்துக்குக் கூடவே வரும்ணே அது." ஆக எங்கள் கூட்டத்தில் தங்கியவர்கள் கைவேகக்காரர்கள் இல்லை. பகல் முழுக்கத் தவற விடாமல் இருந்தே தீர வேண்டியவர்கள். ஆயிரம் தடவை தவறவிட்டாலும் கேட்பாரில்லாத ஓர் இடம் கிடைத்தது என்று வந்திருக்கிறோம். வாத்தியார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் காரணம் கண்டுபிடித்தால்தான் அவருக்கு அடுத்த பந்தை எறிய வரும். கொத்தனாரும் என் கணக்குக்குள் வரவில்லை, செங்கல் தவறினால் கீழே நிற்பவர் தலை போகும், ஆனாலும் அவர் வரவில்லை. அலுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

அத்தையை மறந்துவிட்டேன். எழுபத்துநாலு வயது. போன வருஷம் மாசி மகத்தன்று ஆற்றுக்கு வந்தவர், நாங்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "குடு இங்க" என்று இரண்டு பையை வாங்கி, வலது கையிலேயே ஒன்று மேலே போகும்போது ஒன்று கைக்கு வருகிற மாதிரி சுற்ற ஆரம்பித்தார். இடது கை புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. நடுவே வாத்தியாரிடம் அவர் மகளுக்கு வரன் பார்த்தாச்சா என்று விசாரிக்கிறார், பை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதில் திண்ணையில் கழச்சிக்காய் ஆடிய கையாம். மூணு போட்டா ஆட்டம், ரெண்டு சும்மா என்றார்.

தமிழில் இதற்குப் பெயரில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு மடத்தனம். அம்மானை! பெண்கள் காயை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாட்டில் கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஆட்டம். சிலப்பதிகாரத்திலேயே பெண்கள் அம்மானையைக் கையில் வைத்துக்கொண்டு சோழனையும் புகாரையும் பாடுகிறார்கள். மாணிக்கவாசகர் அந்த மெட்டில் இருபது பாட்டுப் பாடியிருக்கிறார். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. இதே காவிரி கடலில் போய் விழும் இடத்தைப் பாடி ஆடிய ஆட்டத்தை நான் யூடியூபில் கற்றுக்கொண்டு, ஊருக்குத் தெரியாமல் நாணலுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். தென் பசிபிக்கில் டோங்கா தீவுச் சிறுமிகள் இன்றைக்கும் இப்படித்தான் காய்களைச் சுற்றி விளையாடுகிறார்கள், அங்கே அது பெண்பிள்ளைகள் ஆட்டம். நம்மிடம் எப்போது நின்றது என்று அத்தையைக் கேட்டேன். "நாங்கள்லாம் பெரிய மனுஷி ஆனதும் வேண்டாம்னுட்டாங்க. அப்புறம் எங்க?" என்றார்.

2025இல் ஜூன் 12ஆம் தேதி சரியாகத் திறந்துவிட்டார்கள். கல்லணையும் திறந்தாயிற்று என்று தெரிந்த சாயங்காலம் கடைசியாக ஒரு முறை இறங்கினோம். தவில்காரர் ஐந்து பந்தில் பதினோரு பிடி பிடித்தார், வாத்தியார் எண்ணினார். நர்ஸுக்கு டூட்டி. இருட்டும் நேரத்தில் மேற்கே மணல் கறுத்துக்கொண்டு வந்தது, முதல் தண்ணீர் அப்படித்தான் வரும், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில். அவசரமாகப் பொறுக்கிக்கொண்டு கரையேறினோம். படித்துறையில் எண்ணிப் பார்த்தால் புளியங்கொட்டைப் பந்தில் ஒன்று குறைகிறது. இறங்கிப் போய்த் தேடலாமா என்று யோசிப்பதற்குள் நாங்கள் நின்ற இடத்தின் மேலேயே தண்ணீர் போய்விட்டது.

வீட்டில் வந்து அத்தையிடம் சொன்னேன். முறத்தை விட்டுத் தலை தூக்கவில்லை. "போவட்டும் போ. எங்கயாவது கரை ஒதுங்கி முளைச்சுக்கும்."